கட்டாத வீட்டைக் காட்டும் கலை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டிலும் பணச் செலவும் அலைச்சலும் உண்டு என்பது மட்டுமன்று. இரண்டிலும் இறங்கிய பின்னரே உண்மை தெரியவரும் என்பதும் அம்மொழியின் உட்பொருளாகும். கல்யாணத்தைப் பொறுத்தவரையில் அந்நிலைமை இன்றும் மாறவில்லை. வீட்டைப் பொறுத்தவரையிலோ, அத்திவாரம் வெட்டுமுன்னரே வரவேற்பறையில் மாலை வெயில் எப்படி விழும், இரவில் விளக்கேற்றினால் விறாந்தை எவ்வாறு தோன்றும் என்பவற்றையெல்லாம் புகைப்படம் போலவே காட்டும் ஒரு வித்தை நம்மிடையே வந்துவிட்டது. கணினிக்குள் வீட்டை அளவுப்படி எழுப்பி, அதனுள்ளே கமராக்களையும் விளக்குகளையும் நிறுத்திப் படம் எடுக்கும் இத்தொழிலை அத்தொழிலில் உள்ளோர் 'றெண்டரிங்' என்பர்.

கணினிக்காரரின் தொழில் நுணுக்கத்துக்குக் குடும்பப் பகுதியில் என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வேலை இருக்கிறது. கொழும்பில் தொடர்மாடி வீடு ஒன்றை வாங்க எண்ணும் குடும்பம் முதலிற் காண்பது இத்தகைய படங்களையே. ஊரில் பெற்றோருக்கு வீடு கட்டக் கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பணம் அனுப்பும்போது, அவர்கள் பார்த்துச் சம்மதிப்பதும் இப்படங்களையே. ஓர் ஆயுட்காலச் சேமிப்பு ஒரு படத்தை நம்பிக் கைமாறுகிறது என்றால், அந்தப் படம் எப்படி உண்டாகிறது என்பதை வீட்டுக்காரரும் சிறிது அறிந்திருத்தல் நன்று. வீட்டுப் பிள்ளைகளுட் சிலர் இதையே தொழிலாகக் கற்றுவருவதால், அவர்களுக்கும் இது பயன்படும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் வயது முதிர்ந்த பெற்றோருக்கு வீடு கட்ட முனைந்த பிள்ளைகள் மூவரை நாம் அறிவோம். மூவரும் வெவ்வேறு தேசங்களில் இருப்பவர்கள். வரைபடத்தைப் படித்து வீட்டை மனத்திற் கட்டிப் பார்க்க எல்லாராலும் இயலாது. ஆதலால் படங்கள் செய்விக்கப்பட்டன. காலை நேரத்தில் ஒன்று, மத்தியானத்தில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பல கோணங்களிற் படங்கள் வந்தன. அழகுக்குக் குறைவில்லை. மூவரும் மனம் மகிழ்ந்து சம்மதித்தனர்.

வீடு எழுந்தது. முதன்முறையாக உள்ளே நடந்து பார்த்த தகப்பனார் தொலைபேசியில் மூத்த மகனிடம் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, படத்திலை கண்ட ஹோல் எங்கை போட்டுது?"

அறை பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடி. வரைபடத்திலும் அதுவே, கட்டியதும் அதுவே. படத்தில் மட்டும் அது ஒரு கல்யாண மண்டபம் போலத் தோன்றியது. காரணம், கமரா அறைக்குள் நிற்கவில்லை. பின்சுவரை மறைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் மூன்று அடி பின்னே நின்று எடுத்தது. கணினிக் கமராவுக்குச் சுவர் ஒரு தடையன்று. மனிதனுக்கோ அது தடைதான்.

இதனினும் பெரிய குறை ஒன்று பின்னர் தெரியவந்தது. மாலைப் படத்தில் மேற்கு யன்னலுக்கு மேலே 'சன்ஷேட்' இருந்தது. காலைப் படத்தில் இல்லை. பிள்ளைகள் மாலைப் படத்தை நினைவில் வைத்திருந்தனர். மேசனாரின் கையிற் கிடைத்ததோ காலைப் படம். சன்ஷேட் இல்லாமலே சுவர் எழுந்து பூச்சும் முடிந்துவிட்டது. பிற்பகல் வெயில் நேரே தாயாரின் கட்டிலில் விழுந்தது. சுவரை உடைத்துச் சன்ஷேட் அமைக்க மேலும் பணம் சென்றது.

படம் செய்தவர் வஞ்சகர் அல்லர். அவர் செய்ததெல்லாம், காலைக்கு ஒரு கோப்பு, மாலைக்கு ஒரு கோப்பு என்று நான்கு கோப்புகளை வைத்திருந்ததுதான். வீட்டுக்காரர் கேட்ட மாற்றத்தை ஒன்றிற் செய்தார். மற்ற மூன்றிலும் செய்ய மறந்தார். ஒரே வீடு நான்கு வீடுகளாகிவிட்டது. இக்கட்டுரையில் நாம் சொல்ல முனைவதும் இதனையே: கண்கள் பலவாகலாம், பொழுதுகள் பலவாகலாம், வீடு மட்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

வெளிச்சத்தைக் கணக்கிட்டோர்

இவ்வித்தை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சுவரிற் பட்ட ஒளி அங்கேயே நின்றுவிடுவதில்லை, அடுத்த சுவருக்குத் தெறிக்கிறது, அச்சுவரின் நிறத்தையும் கொஞ்சம் ஏந்திச் செல்கிறது என்பதைக் கணக்காக்கிக் காட்டியது அது. சிவப்புச் சுவருக்கு அருகே உள்ள வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைக் கணினிக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். ஈராண்டுகள் கழித்து, 1986இல், ஜேம்ஸ் கஜியா என்பவர் இவ்விதமான ஒளிப் பயணங்கள் அனைத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கிக் காட்டினார். இன்றைய படங்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

வித்தை அறிஞர் கையிலிருந்து வீட்டு இளைஞர் கைக்கு வந்த வழியும் சுவையானது. ஒல்லாந்து நாட்டவரான டொன் ரூசெண்டால் உருவாக்கிய 'பிளெண்டர்' என்னும் மென்பொருள், அதனை நடத்திய கம்பெனி மூடப்பட்டபோது அழிந்துபோகும் நிலையில் இருந்தது. அதன் உரிமையை மீட்டு எல்லார்க்கும் பொதுவாக்குவதற்கு 2002ஆம் ஆண்டில் உலகெங்குமுள்ள பயனாளரிடம் நிதி திரட்டப்பட்டது. ஏழு வாரங்களில் 100,000 யூரோ சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி முதல் அது இலவசப் பொதுச் சொத்தாயிற்று. இன்று ஒரு கணினியும் பொறுமையும் உள்ள எந்தப் பிள்ளையும் இத்தொழிலைக் கற்கலாம். கருவி இலவசமாகக் கிடைத்தது. ஒழுங்கு மட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

கண்களை ஒழுங்குபடுத்தல்

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஆறு கமராக் கோணங்கள்; காலை, மத்தியானம், பிற்பகல், இரவு என நான்கு பொழுதுகள். ஆக 24 படங்கள். தரை ஓட்டுக்கு இரண்டு நிறம் பார்க்க வேண்டுமென்றால் 48. வரவேற்பறைச் சுவரின் நிறத்தை வீட்டுக்கார அம்மா மாற்றச் சொன்னால், அச்சுவர் தெரியும் படங்கள் எல்லாவற்றையும் மீண்டும் எடுக்க வேண்டும். இந்தப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சியே பலர் பொழுதுக்கொரு கோப்பாகப் பிரதியெடுத்துவிடுகின்றனர். அவ்வேளைக்கு அது சுலபம். பின்னர் அதுவே வினையாகிறது.

நன்கு பழகியோர் வேறு வழியிற் செல்கின்றனர். வீடு ஒரே கோப்பில் ஒரே முறைதான் இருக்கும். கமராக்கள் எல்லாம் அதனுள்ளேயே தத்தம் இடங்களில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும். ஒரே கமராவை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போவதில்லை. அப்படித் தள்ளினால் நேற்று எடுத்த கோணத்தை நாளை மீண்டும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கமராவுக்கும் எண்ணும் பெயரும் உண்டு: '01 வாசல்', '02 வரவேற்பறை', '03 குசினி' என்றவாறு. நிறுத்திய பின் கை தவறி அசையாதபடி பூட்டியும் விடுவர்.

பிளெண்டரில் இதற்கொரு நல்ல உபாயம் உண்டு. அசையும் படங்களுக்காக ஏற்பட்ட காலக்கோட்டில், முதலாம் சட்டத்துக்கு முதலாம் கமரா, இரண்டாம் சட்டத்துக்கு இரண்டாம் கமரா என்று அடையாளம் இட்டுப் பிணைத்துவிடலாம். பின்னர் ஆறு சட்டங்களையும் ஓடவிட்டால் ஆறு கமராக்களின் படங்களும் வரிசையாக வந்து விழும். கட்டடக்காரரிடையே பெருவழக்கான 'திறீ டி.எஸ். மாக்ஸ்' என்னும் மென்பொருளிலோ, எந்தக் கமரா, எந்தக் காட்சி நிலை, எந்தப் பெயரிற் சேமிப்பது என்பவற்றை ஒரு பட்டியலாக எழுதிவைத்து ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எடுப்பிக்கலாம்.

கமராவின் உயரமும் வில்லையும் ஒழுங்கின் இன்னொரு பகுதி. நின்று பார்க்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து அடி உயரத்தில் இருக்கும். கதிரையில் இருப்பவரின் கண் நான்கு அடி அளவில் இருக்கும். கூரையடியிலிருந்து பார்ப்பது பல்லியின் காட்சி, மனிதனின் காட்சியன்று. வில்லையைப் பொறுத்தவரையில், 36 மில்லிமீற்றர் அகலமுள்ள படத்தளத்துக்கு 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 40 பாகை அகலத்தைக் காட்டும்; 35 மில்லிமீற்றர் வில்லை 54 பாகை; 24 மில்லிமீற்றர் வில்லை 74 பாகை; 18 மில்லிமீற்றர் வில்லையோ முழுதாக 90 பாகை. எண் குறையக் குறையக் காட்சி விரியும். அருகிலுள்ள கதிரை நீண்டு, எதிர்ச்சுவர் எங்கோ அகன்று போகும். சிறு அறைக்கு 24 மில்லிமீற்றர் வரை செல்வதிற் பிழையில்லை. அதற்கும் கீழே செல்வோர் அறையைக் காட்டவில்லை, ஆசையைக் காட்டுகின்றனர். சுவர்கள் சாய்ந்து தோன்றாதிருக்க, கமராவை மேலோ கீழோ சாய்க்காமல் மட்டமாக வைத்து, வில்லையை மட்டும் மேலே நகர்த்தும் வசதியைப் பயன்படுத்துவதும் நல்ல பழக்கம்.

பொழுதுகளை ஒழுங்குபடுத்தல்

விளக்குகளையும் கமராக்களைப் போலவே தொகுதி தொகுதியாகப் பிரித்து வைக்க வேண்டும். சூரியனும் வானமும் ஒரு தொகுதி; கூரை விளக்குகள் ஒரு தொகுதி; சுவர் விளக்குகள் ஒன்று; சாமியறை விளக்கு ஒன்று; முற்றத்து விளக்குகள் ஒன்று. இவற்றுள் எவை எரியும், எவை அணைந்திருக்கும் என்பதே ஒரு பொழுது. பிளெண்டரில் வீட்டைப் பிரதியெடுக்காமலே பொழுதுக்கொரு 'காட்சி' அமைக்கலாம். எல்லாக் காட்சிகளும் ஒரே வீட்டுடன் பிணைந்திருக்கும். விளக்குத் தொகுதிகளும் வெளிச்ச அளவும் மட்டும் காட்சிக்குக் காட்சி வேறுபடும். ஓரிடத்தில் யன்னலைப் பெரிதாக்கினால் நான்கு பொழுதிலும் யன்னல் பெரிதாகும். மேலே நாம் கூறிய குடும்பத்தின் சன்ஷேட் இவ்வழியிற் செய்யப்பட்டிருப்பின், ஒரு படத்தில் இருந்து மற்றொன்றில் இல்லாமற் போயிருக்க மாட்டாது.

ஒளிக்கு ஓர் அருமையான இயல்பு உண்டு. இரு விளக்குகள் ஓரிடத்தில் எரிந்தால் ஒன்றின் ஒளி மற்றதைத் தடுப்பதில்லை, இரண்டும் கூடும். கூட்டற் கணக்கைத் தவிர வேறொன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு விளக்குத் தொகுதியின் ஒளியையும் கணினி தனித்தனியே கணித்துத் தனித்தனி ஏடுகளாக வைத்துவிட்டால், பின்னர் அவற்றைக் குறைத்தும் கூட்டியும் நிறம் மாற்றியும் வேண்டிய கலவையைப் பெறலாம். மறுபடியும் படம் எடுக்கத் தேவையில்லை. 'கொரோனா', 'வீ-றே' என்னும் மென்பொருள்களில் இதனை 'லைட் மிக்ஸ்' என்பர். பிளெண்டரிலும் 2022ஆம் ஆண்டு வந்த 3.2ஆம் பதிப்பு முதல் விளக்குத் தொகுதிகளைத் தனித்தனியே பிரித்தெடுக்க முடிகிறது. கூரை விளக்கை அணைத்துச் சுவர் விளக்கை மட்டும் எரித்தால் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர் கேட்டால், இரண்டு நிமிடத்திற் காட்டிவிடலாம். ஆனால் ஓர் எல்லை உண்டு: விளக்கின் பிரகாசத்தையும் நிறத்தையும் இவ்வாறு மாற்றலாமே யன்றி, அதன் இடத்தை மாற்ற முடியாது. சூரியனைக் காலையிலிருந்து மாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் மீண்டும் எடுத்தே ஆகவேண்டும்.

பொழுதுக்குப் பொழுது கமராவின் வெளிச்ச அளவும் மாறவேண்டும். உச்சி வெயிலில் வெளியே ஏறத்தாழ 100,000 லக்ஸ் ஒளி இருக்கும். இரவில் விளக்கேற்றிய நம் வீட்டறையிலோ 100 அல்லது 200 லக்ஸ்தான். ஐந்நூறு மடங்குக்குக் குறையாத வேற்றுமை. புகைப்படக்காரர் கணக்கில் ஒன்பது படிகள். நம் கண் இதனைத் தானாகச் சமாளித்துக்கொள்கிறது, கமரா சமாளிப்பதில்லை. ஆகவே மத்தியானப் படத்தில் வெளியே நல்ல வெயில் எரிய, உள்ளே மின்குமிழ்களும் பொன்னிறமாய்ச் சுடர்விட்டால், அங்கே விளக்கின் பலம் பன்மடங்கு உயர்த்தப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். கடையில் வாங்கும் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஏறத்தாழ 800 லூமன் ஒளிதான் தரும். அந்த அளவையே கணினி விளக்குக்கும் இட்டால் படம் பொய் சொல்லாது. நிறத்துக்கும் அளவு உண்டு: 2,700 கெல்வின் மின்குமிழ் மஞ்சள் சார்ந்தது, 6,500 கெல்வின் மின்குமிழ் நீலம் சார்ந்த வெள்ளை. படத்தில் முன்னதைக் காட்டிவிட்டு வீட்டில் பின்னதைப் பூட்டினால், சுவரின் நிறமே மாறிவிட்டதென்று வீட்டுக்காரர் மயங்குவர்.

நம் நாட்டுச் சூரியன்

விளக்குகளை நாம் நிறுத்தலாம். சூரியனை நிறுத்த முடியாது. அது எங்கே நிற்கும் என்பதை இடமும் திகதியும் நேரமுமே தீர்மானிக்கின்றன. மென்பொருளுக்கு இவற்றைச் சொன்னால் அது சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும். சொல்லாவிட்டால், படம் செய்பவரின் கைபோன இடத்திற் சூரியன் நிற்கும்.

இங்கேதான் நம் நாட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐரோப்பாவில் மத்தியானச் சூரியன் ஆண்டு முழுவதும் தென்திசையிலேயே நிற்கும். அந்நாட்டுப் பாடங்களைப் பார்த்துக் கற்றவர்கள், வடக்கு யன்னலில் வெயில் வாராது என்று எண்ணிப் பழகிவிடுகின்றனர். நம் நாடு அப்படியன்று. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15ஆம் திகதியை ஒட்டிச் சூரியன் நேரே உச்சிக்கு வருகிறது. சித்திரைப் புத்தாண்டு வெயிலில் மத்தியானம் நம் நிழல் காலடியிற் சுருங்கி நிற்பது இதனாலேயே. ஓகஸ்ட் 28ஆம் திகதியளவில் மீண்டும் ஒருமுறை உச்சிக்கு வரும். இவ்விரு நாள்களுக்கும் இடையே மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. கொழும்பிலே அவ்வாறு உச்சிக்கு வரும் நாள்கள் ஏப்ரல் 7ஆம் திகதியையும் செப்டெம்பர் 5ஆம் திகதியையும் ஒட்டியவை. யாழ்ப்பாணத்தில் ஜூன் 21இல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 14 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். டிசெம்பர் 22இல் 33 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். மறையும் இடமும் ஆண்டுக்குள் நேர்மேற்கின் இருபுறமும் ஏறத்தாழ 24 பாகை வரை ஊசலாடும்.

ஆகவே 'பிற்பகல் நான்கு மணி' என்று மட்டும் சொல்வது போதாது. எந்த மாதத்துப் பிற்பகல் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்து நான்கு மணி வெயில் வடமேற்கிலிருந்து வரும். டிசெம்பர் மாதத்து வெயில் தென்மேற்கிலிருந்து வரும். நாற்சார் வீட்டின் நடு முற்றத்தை மத்தியானத்திற் காட்டுவதாயின், ஏப்ரல் நடுவில் ஒரு படமும் டிசெம்பரில் ஒரு படமும் எடுப்பதே நேர்மை. முன்னதில் வெயில் முற்றத்தின் நிலத்தை நிறைக்கும். பின்னதில் தென்புறக் கூரையின் நிழல் முற்றத்திற் படர்ந்து கிடக்கும். இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த அரை மணியைக் கணினிக்குச் சொல்ல மறந்தால் சூரியன் ஏழு பாகைக்கு மேல் விலகி நிற்கும்.

வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று மனையடி பார்த்துக் கேட்ட குடும்பங்கள் நம்முடையவை. அதே திசைக் கவனத்தைப் படத்திலும் செலுத்தினால் அதுவே போதும்.

இரவில் ஓடும் வேலை

படம் ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 24 படங்களுக்கு 16 மணி நேரம் செல்லும். இவ்வேலையைப் பெரும்பாலும் இரவிலே ஓடவிட்டுவிட்டு உறங்கச் செல்வர். விடிந்து பார்க்கும்போது, மூன்றாம் கமராவில் ஒரு திரைச்சீலை கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் எப்படி இருக்கும்! அதனால் முன்னெச்சரிக்கை வேண்டும். படத்தின் நீளத்தையும் அகலத்தையும் நான்கிலொன்றாகக் குறைத்தால் படப்புள்ளிகள் பதினாறிலொன்றாகும். நேரமும் ஏறத்தாழ அவ்வாறே குறையும். 40 நிமிடம் இரண்டரை நிமிடமாகும்; 24 சிறு படங்களும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அவற்றை ஒரே தாளில் வரிசையாக வைத்து வீட்டுக்காரரிடம் காட்டிச் சம்மதம் பெற்ற பின்னரே பெரிய படங்களை ஓடவிட வேண்டும்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவியதை நாம் அனைவரும் அனுபவித்தோம். ஒவ்வொரு படமும் முடிந்தவுடன் தனித்தனியே சேமிக்கப்படுமாறும், ஏற்கெனவே முடிந்தவற்றை மறுபடி எடுக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடருமாறும் அமைத்துவைத்தால், நள்ளிரவில் மின்சாரம் போனாலும் இழப்பது ஒரு படமே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கொப்பி வேண்டும். கமராவின் எண், வில்லை, மாதம், மணி, எரியும் விளக்குகள், வெளிச்ச அளவு, கோப்பின் பெயர் என ஏழு பத்திகள் போதும். கடைக்காரர் கணக்குக் கொப்பி வைப்பதுபோல இதனை வைக்கும் இளைஞரை நம்பி எவரும் வேலை கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்து, "அந்தப் பிற்பகற் படத்தை மாத்திரம் புது நிறத்தில் எடுத்துத் தாருங்கள்" என்றால், கொப்பி உள்ளவர் அன்றே கொடுப்பார். கொப்பி இல்லாதவர் முதலிலிருந்து தொடங்குவார்.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியவை

இனி வீட்டுக்காரருக்கு. படங்கள் கைக்கு வந்ததும் அழகைப் பார்த்து மகிழுங்கள், அதில் தடையில்லை. ஆனால் பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்விகளைத் தயங்காமற் கேளுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு கமராவும் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வீட்டின் தரைப்படத்திற் குறித்துத் தருவீர்களா? கமரா சுவருக்கு வெளியே நிற்குமானால் அது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

இரண்டு: வில்லை எத்தனை மில்லிமீற்றர்? எண் மிகச் சிறிதாயின், அதே அறையை 24 மில்லிமீற்றரில் அல்லது 28 மில்லிமீற்றரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மூன்று: வடக்கு எது? எந்த மாதம், எத்தனை மணி? மேற்குப் பக்கத்து அறைகளைப் பிற்பகல் மூன்று மணியிலும் ஐந்து மணியிலும் ஒரே கமராவிற் பார்த்தே தீரவேண்டும். கமரா மாறாமற் பொழுது மாறினாற்றான் வெயிலின் உண்மை தெரியும்.

நான்கு: படத்தில் எரியும் விளக்குகள் எத்தனை வாற்று, என்ன நிறம்? எல்லா விளக்குகளையும் அணைத்த பகற்படம் ஒன்றும் தாருங்கள். பகலில் விளக்கேற்றாமல் வாழக்கூடிய வீடா என்பது அப்படத்திற்றான் தெரியும்.

ஐந்து: இப்படங்கள் அனைத்தும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து, கடைசித் திருத்தத்துக்குப் பின் எடுக்கப்பட்டவையா? ஒவ்வொரு படத்தின் மூலையிலும் திருத்தத்தின் எண்ணையும் திகதியையும் இட்டுத் தரச் சொல்லுங்கள். மேசனாருக்குக் கொடுக்கும் படமும், கடல் கடந்த பிள்ளைகள் பார்க்கும் படமும் ஒரே எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும்.

இக்கேள்விகளைக் கேட்டால் படம் செய்பவர் மனம் நோவார் என்று எண்ண வேண்டாம். வேலையை ஒழுங்காகச் செய்பவருக்கு இவற்றின் விடைகள் கொப்பியிலேயே இருக்கும். அவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். விடை சொல்லத் தடுமாறுபவரிடம் ஏமாற்றும் எண்ணம் இல்லாதிருக்கலாம். ஆயினும் அவருடைய படங்களை நம்பிக் கல் அடுக்குவது ஆபத்து.

அழகிய படம் செய்வது திறமை. அதனைத் தொழிலாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அத்திறமை குறைவின்றி உண்டு. அத்தோடு, ஒரு வீட்டை எத்தனை கண்களாற் பார்த்தாலும், எத்தனை பொழுதுகளிற் பார்த்தாலும், அது அதே வீடாக இருக்கச் செய்யும் ஒழுங்கையும் அவர்கள் பழகிக்கொள்வார்களாக. அவ்வீட்டில் வாழப் போகிறவர்கள் ஒரு கமராவுக்குள் வாழப் போவதில்லை. பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடி அறையிலே, சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும், இரவிலும் பகலிலும் வாழப் போகிறார்கள்.